கணிப்புக்கு வந்த விருந்தாளிகள்

பொள்ளாச்சிப் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில், பெண் வீட்டாரும் அழைக்காத, மாப்பிள்ளை வீட்டாரும் அழைக்காத விருந்தாளிகள் கூட்டங்கூட்டமாக வந்து பந்தியில் உட்காரத் தொடங்கியது, சென்னியப்பனின் கம்பெனி தன் மென்பொருளில் ‘பந்திக் கணிப்பு’ என்றொரு பொத்தானைச் சேர்த்த ஐப்பசி மாதத்தில்தான் என்பதில் அந்த ஊரில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. எங்கிருந்து வந்தார்கள், எதில் ஏறி வந்தார்கள் என்பதில் மட்டும் ஆளுக்கொரு கருத்து இருந்தது. அந்தக் கருத்தை வைத்துக்கொண்டு யாரும் சண்டைக்குப் போகவில்லை, ஏனென்றால் வந்தவர்கள் நல்லபடியாகச் சாப்பிட்டார்கள்.

கம்பெனி ஓர் உரக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. மழைக்காலத்தில் யூரியா வாடையும் வெயில் காலத்தில் வேப்பம் புண்ணாக்கு வாடையும் படியேறி வரும் அந்த மாடியில், ‘பந்தக்கால்’ என்ற மென்பொருளைச் செய்து, எந்த முகூர்த்தம் யாருக்கு, எத்தனை மணிக்குச் சாவி கைமாறுகிறது, எத்தனை அண்டா வெளியே போய் எத்தனை அண்டா திரும்பி வந்தது என்றெல்லாம் பார்த்துக்கொள்ளும்படி ஆனைமலையிலிருந்து உடுமலை வரைக்கும் மண்டபங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். தொடங்கிய நாளிலிருந்தே அங்கே இருந்தவள் மகுடேஸ்வரி. எம்.சி.ஏ. படித்துவிட்டு வந்து, என்ன செய்ய வேண்டும் என்று முடிவு செய்வது, செய்ததைச் சோதிப்பது, சோதித்ததையும் மீறி உடைந்தால் மண்டபத்துக்காரர்களிடம் திட்டு வாங்குவது ஆகிய மூன்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டு, அதிலேயே நாற்பதைத் தாண்டியவள். ஊர் அவளுடைய கல்யாணத்தைப் பற்றிக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் விட்டுவிட்ட பிறகு, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பேக்கரி வைத்திருக்கும் கோதண்டத்தைக் கட்டிக்கொள்வதாக அவளே ஒருநாள் சொன்னாள். கோதண்டம் வேறு சாதி ஆளுங்க. அதைக் கேட்ட நாளிலிருந்து காங்கேயத்தில் எண்ணெய்ச் செக்கு வைத்திருக்கும் அவள் அண்ணன் சிவமலை அவளிடம் பேசுவதில்லை.

பொத்தான் வந்த விதம் இதுதான். மண்டப உரிமையாளர்கள் கூடிய ஒரு கூட்டத்தில், வடை சாப்பிட்டுக்கொண்டிருந்த சென்னியப்பனிடம் ஒருவர், “கோயமுத்தூர்க் கம்பெனிக்காரங்க ஏஐ போட்டுட்டாங்களாமா, உங்களுதுல இருக்குதுங்களா?” என்று கேட்டார். சென்னியப்பன் வாயிலிருந்த வடையை முழுங்குவதற்கு முன்னாலேயே, “ஓ, இருக்குதுங்களே,” என்று சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு வந்தவர் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறி, முகூர்த்த சீசன் தொடங்குவதற்குள் ஏதாவது ஒரு ஏஐயைப் போட்டே ஆக வேண்டும் என்றார்.

“மண்டபத்துக்காரங்க கேக்கறது வேற சார்,” என்றாள் மகுடேஸ்வரி. “கரண்டு போனா பதிஞ்சது அழியக் கூடாதுங்கறாங்க. ஒரே தேதிய ரெண்டு பேருக்குக் குடுத்துட்டா உடனே காட்டிக் குடுக்கோணும்ங்கறாங்க. மொதல்ல அதச் செஞ்சு குடுத்துட்டு, அப்பறமா இதுக்கு வரலாமுங்க.”

“அதெல்லாம் செஞ்சா யாரு கண்ணுக்குத் தெரியும் அம்மணி? அவன் போட்டுட்டான். நாம போடலைன்னா நாம பழசுன்னு ஆயிருவோம்.”

நிரல் எழுதும் தௌஃபீக் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். ஒரு கல்யாணத்துக்கு எத்தனை பேர் சாப்பிட வருவார்கள் என்று கணித்துச் சொல்வது என்பது சென்னியப்பனே யோசித்துப் பிடித்த வேலை. அது நல்ல யோசனைதான், ஊரில் ஒவ்வொரு சமையல்காரரும் தலையில் கை வைத்துக்கொள்கிற கேள்வியே அதுதான். “ஆனா பழைய கணக்கு வேணும்க்கா,” என்றான் தௌஃபீக் அவளிடம். “எந்தக் கல்யாணத்துக்கு எத்தன பேரு வந்தாங்கன்னு இதுவரைக்கும் ஒரு மண்டபத்துக்காரரும் பதியல. எத வச்சுக் கணிக்கறது?”

“தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லற மாதிரி வையி.”

“அதத்தான் சொன்னேன். ஏஐ தெரியலைன்னு சொன்னா எவன் வாங்குவான்னு சார் கேக்கறார்.”

அதனால் அந்தப் பொத்தானுக்குத் தெரியலை என்று சொல்லத் தெரியவில்லை. எதைக் கேட்டாலும் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு, பக்கத்தில் மின்னுகிற ஒரு நட்சத்திரத்தையும் போட்டுக் காட்டியது.

முதன்முதலில் அதை அமுக்கியவர் உடுமலை ரோட்டு மண்டபத்தின் மேனேஜர் ஆறுச்சாமி. எந்தப் புதுச் சாமான் வந்தாலும் தான்தான் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும் என்கிற ஆள். எண்ணூற்றுப் பன்னிரண்டு என்று வந்தது. ஐந்நூறு பத்திரிகை அடித்திருந்த பெண்ணின் அப்பா அதைக் கேட்டுச் சிரித்தார். சமையல் காண்ட்ராக்டர் நாச்சிமுத்துவும் சிரித்துவிட்டு, தன் வழக்கப்படி ஐந்நூறுக்கு மேல் கொஞ்சம் கையைத் தாராளமாக விட்டு உலை வைத்தார். விடிந்து முகூர்த்தம் முடிந்ததும் பந்தி தொடங்கியது. முதல் பந்தி எழுந்தது, இரண்டாவது உட்கார்ந்தது, மூன்றாவது உட்கார்ந்தது. பந்திக்கு வெளியே நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அடுத்த இடத்துக்குக் காத்திருப்பவர்கள் குறையவே இல்லை. நாச்சிமுத்து மறுபடி அரிசி போட்டார், மறுபடியும் போட்டார், ரசத்தில் வெந்நீர் விட்டார், பக்கத்து மண்டபத்திலிருந்து அப்பளம் கடன் வாங்கினார். எல்லாம் முடிந்து, சமையல்காரர்களின் வழக்கப்படி எச்சில் இலைகளை எண்ணியபோது இலை எண்ணூற்றுப் பன்னிரண்டு இருந்தது.

வந்தவர்கள் யாரும் வித்தியாசமாக இல்லை. குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, மடிப்புக் கலையாத வேட்டியிலும் பட்டுப் புடவையிலும், வண்டி நிறுத்துமிடத்துப் பக்கமிருந்து இரண்டு மூன்று பேராக நடந்து வந்தார்கள். பன்னீர் தெளித்தால் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார்கள். பெண் வீட்டார் அவர்களை மாப்பிள்ளை பக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள், மாப்பிள்ளை வீட்டார் பெண் பக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். கல்யாண வீட்டுக்கு வந்த மனிதரைப் பார்த்து நீங்கள் யார் என்று கேட்பதைப் போல ஒரு மரியாதைக்கேடு இந்த மண்ணில் கிடையாது. அப்படிக் கேட்டுவிட்டு, அவர் சம்பந்தியின் சித்தப்பாவாக இருந்துவிட்டால் அப்புறம் மூன்று தலைமுறைக்குப் பேச்சு வார்த்தை இருக்காது. அதனால் எல்லாரும் எல்லாரையும் பார்த்து, “வாங்க, வாங்க, சாப்டீங்ளா?” என்று மட்டும் கேட்டார்கள்.

உண்மை வெளியே வந்தது மறுவீட்டு விருந்தில்தான். வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது பெண்ணின் அப்பா, “உங்க பக்கத்துல ஒருத்தர் நெடுநெடுன்னு இருந்தாரே, ரசத்த மூணு தடவ கேட்டு வாங்கினாரே, அவர் யாருங்க சம்பந்தி?” என்று கேட்டார். மாப்பிள்ளையின் அப்பா வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். “எங்க பக்கமுங்களா? உங்க பெரியப்பாருன்னு நெனச்சு மாப்பளையக் கால்ல உழுக வெச்சேனுங்களே.” இருவரும், நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், வாயார வாழ்த்தினார் என்று பேசி முடித்துவிட்டு, பாக்கைத் தேடத் தொடங்கினார்கள்.

கார்த்திகை வருவதற்குள் எல்லா மண்டபங்களிலும் அது பழகிப்போனது. எண் எவ்வளவோ அவ்வளவு பேர், ஓர் இலை கூடவும் இல்லை, ஓர் இலை குறையவும் இல்லை. சமையல்காரர்களுக்குத்தான் கொள்ளை சந்தோஷம், ஏனென்றால் எண்ணைப் பார்த்து உலை வைத்தால் சோறு மிஞ்சுவதுமில்லை, சாம்பார் பற்றாமல் போவதுமில்லை. அழைக்காமல் வந்தவர்களுக்குக் கணிப்புக்காரர்கள் என்று பெயரே விழுந்துவிட்டது. அவர்கள் தூங்கிப்போன குழந்தைகளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்கள், புகைப்படத்துக்கு ஆள் குறைந்த பக்கம் போய் நின்றார்கள், பந்தியில் யாருமே பாராட்ட நினைக்காத பீன்ஸ் பொரியலைப் பாராட்டினார்கள். சொந்தம் என்று ஒருவரும் இல்லாமல் இல்லத்தில் வளர்ந்த ஒரு மாப்பிள்ளைக்கு அவர்கள் முன்வரிசை முழுக்க உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்து, அன்றைக்கு மண்டபமே அழுதது. அவர்களும் தாம்பூலப் பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போவார்கள். மறுநாள் காலையில் பார்த்தால், வண்டி நிறுத்துமிடத்து வேப்பமரக் கிளைகளில் பைகள் வரிசையாகத் தொங்கும், உள்ளே தேங்காய் அப்படியே இருக்கும். மண்டபத்து வாட்ச்மேன் வீடுகளில் அந்த மாதம் முழுக்கத் தேங்காய்ச் சட்னிதான்.

சென்னியப்பன் பேருந்து நிலையத்தருகே, தங்கள் கணிப்பு இதுவரை பொய்த்ததில்லை என்று பெரிய பலகை வைத்தார். அது உண்மைதான். கோயமுத்தூர்க் கம்பெனியின் ஏஐ சொல்லும் எண் பாதி நாள் தப்பிப்போகுமாம், ஆள் கொஞ்சம் முன்னே பின்னே வருமாம். மகுடேஸ்வரிக்கே, தான் அன்றைக்கு வேண்டாமென்று நின்றது தப்போ, அவசரப்பட்டுச் செய்தாலும் சில காரியம் தானாக நன்றாக அமைந்துவிடுகிறதோ என்றெல்லாம் தோன்ற ஆரம்பித்தது. தன் கல்யாணத்துக்கும் அவர்கள் வருவார்கள் என்று நினைத்தபோது அவளுக்கு மனசு லேசாக இருந்தது. தன் பக்கத்து நாற்காலிகள் காலியாகக் கிடந்து, அதைக் கோதண்டத்தின் சொந்தக்காரர்கள் பார்த்துப் பாவப்படுவார்களோ என்று அவள் பயந்துகொண்டுதான் இருந்தாள்.

கார்த்திகைக் கடைசி முகூர்த்தத்துக்கு மறுநாள் ஒரு போன் வந்தது. மண்டபத்து எண் அல்ல, யாரோ ஒருவருடைய எண்.

“நான் ஆனைமலைக் கல்யாணத்துல பொண்ணுக்குத் தாய்மாமனுங்க,” என்றார் அவர். “உங்க மிஷின்ல இருநூத்திச் சொச்சம்னு வந்துச்சாமுங்க. அறுநூறு பேத்த அழைச்சிருந்தோம். நான் சீரெடுத்துட்டு வாசல் வரைக்கும் வந்தேனுங்க. கேட்டு தொறந்துதான் இருந்துச்சு, ஒருத்தரும் தடுக்கல. காலத் தூக்கி உள்ள வச்சா, கால் வெளியவே நிக்குது. மறுபடி வச்சேன். மறுபடி வெளிய நிக்குது. தட்டத்த ஏந்திக்கிட்டு அப்படியே நின்னேனுங்க, மேளஞ் சத்தம் கேட்டுச்சு, தாலி கட்டியாச்சுன்னு தெரிஞ்சுது. மாமன் வரலையேன்னு பொண்ணு அழுதுட்டே போயிருக்குதுங்க. உங்க மிஷினுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேனுங்க?”

மகுடேஸ்வரி தேதியையும் மண்டபத்தையும் குறித்துக்கொண்டாள். விசாரித்துப் பார்த்தாள். அந்தக் கல்யாணத்துக்கு வராத ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது. ஒரு வேனுக்கு டயர் வெடித்திருந்தது, ஒரு வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பல்வலி, ஒரு குடும்பம் பாதி வழியில் அடுப்பை அணைத்தோமா என்று சந்தேகப்பட்டுத் திரும்பிப் போயிருந்தது, வாசல் வரை வந்தவர்களுக்குக் கால் வரவில்லை. அப்புறம் தேடியபோது இன்னும் சில மண்டபங்களில் அப்படி நடந்திருப்பது தெரிந்தது. அங்கேயெல்லாம் யாரும் குறை சொல்லவில்லை, ஏனென்றால் வராதவர்கள் குறை சொல்ல வரவில்லை, வந்தவர்களுக்கு ஜிலேபி இரண்டாகக் கிடைத்தது.

“ஒரு கல்யாணம், ரெண்டு கல்யாணம், அப்படித்தான் அம்மணி இருக்கும்,” என்றார் சென்னியப்பன். “இப்பப் பொத்தான எடுத்தா பயந்துட்டாங்கம்பானுக. மார்கழி வருதில்ல, பாத்துக்கலாம்.”

மார்கழி வந்தது. கல்யாணம் இல்லாத மாதம், மண்டபங்கள் வெள்ளையடிக்கிற மாதம். மகுடேஸ்வரி தட்டில் பழமும் பத்திரிகையும் வைத்துக்கொண்டு காங்கேயம் போனாள். அப்பா இல்லாத வீட்டில் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியவர் அண்ணன். அண்ணி தண்ணீர் கொடுத்தாள், உட்காரச் சொன்னாள். சிவமலை செக்கு ஓடுவதையே பார்த்துக்கொண்டு நின்றார். தட்டை நீட்டியபோது இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வருகிறேன் என்று சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பஸ் ஏறுகிறவரை அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள், அவர் வாசலுக்கு வரவில்லை. ஆனாலும் தட்டை வாங்கினாரே என்று அதையே நினைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தாள்.

மறுநாள் ஆறுச்சாமி கூப்பிட்டார். தை மாதத்தில் அவளுடைய கல்யாணம் அவர் மண்டபத்தில்தான். “ஏனுங் மேடம், நம்ம புள்ள கல்யாணமாச்சேன்னு நீங்க கேக்கறதுக்கு முன்னாலயே நானே கணிப்பு போட்டு வச்சுட்டனுங்க,” என்றார் மகிழ்ச்சியாக. “அறுபத்தி நாலு. சின்னதா, அம்சமா இருக்கும்.”

அவர் அன்பினால் செய்த காரியம், அவரைத் திட்ட முடியாது. ஒருமுறை சொன்ன எண்ணைப் பொத்தான் மாற்றிச் சொல்வதுமில்லை. கோதண்டத்தின் நெருங்கிய சொந்தமே அறுபது பேருக்கு மேல். மகுடேஸ்வரி போனை வைத்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றாள். அண்ணன் வரவில்லை என்றால் அழுதுவிட்டுத் தேற்றிக்கொள்ளலாம், அதற்கு அவள் தயாராகத்தான் இருந்தாள். ஆனால் இப்போது அவர் வராவிட்டால், அவர் வரவில்லையா, வந்தும் வாசலில் கால் வராமல் நின்றாரா என்பது அவளுக்குச் சாகிறவரை தெரியப் போவதில்லை. அதை நினைத்தபோது அவளுக்கு வந்தது துக்கம் இல்லை, கோபம்.

நேராக சென்னியப்பனிடம் போய்ச் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, உதவி செய்கிற உற்சாகத்தோடு நாற்காலியை முன்னால் இழுத்தார். “இவ்வளவுதானே அம்மணி. தௌஃபீக்க உட்டு உள்ள கைய வச்சு ஆயிரம்னு மாத்தச் சொல்லு. உங்க அண்ணன் என்ன, காங்கேயமே வந்து எறங்கும்.”

அவள் அதையும் ஏற்கனவே யோசித்திருந்தாள். யோசித்ததில் கொஞ்ச நேரம் ஆசையாகக்கூட இருந்தது. “ஆயிரம்னு போட்டா வருவாருங்க,” என்றாள். “வந்து நிப்பாரு, தாரை வார்ப்பாரு. வந்தது எங்க அண்ணனா, இல்ல எண்ணு நெறையறதுக்கு இழுத்துட்டு வந்த ஆளான்னு எனக்கு எப்படிங் சார் தெரியும்? அவர் முகத்தப் பாக்கறப்பெல்லாம் எனக்கு அந்தச் சந்தேகம் இருக்குமில்லீங்க?”

சென்னியப்பன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

“உடுங்க, அத உடுங்க. நீங்க வருவீங்களா?”

“என்ன கேள்வி இது? உன் கல்யாணத்துக்கு நான் வராம?”

“அறுபத்தி நாலுல நீங்க இருக்கீங்களான்னு தெரியாதுங்களே.”

பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, கையில் பரிசுப் பொட்டலத்தோடு, ஊரார் எல்லாரும் உள்ளே போய்க்கொண்டிருக்க, தன் சொந்தப் பொத்தானால் மண்டபத்து வாசலில் தடுக்கப்பட்டுக் காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிற காட்சி சென்னியப்பனின் கண்ணில் தெரிந்திருக்க வேண்டும். பிறகு, “எடுத்துருங்க,” என்றார். “ஆனா என்னன்னு சொல்லி எடுக்கறது? இருந்தத எடுத்துட்டோம்னு சொன்னா மானம் போயிருமே.”

“எடுக்க வேண்டாம் சார்,” என்றான் தன் மேசையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்த தௌஃபீக், ஐப்பசியிலிருந்தே அதைச் சொல்லக் காத்திருந்தவன் மாதிரி. “தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லட்டும். அவ்வளவுதான்.”

ஒரு பகலில் வேலை முடிந்தது. எதைக் கேட்டாலும் பொத்தானுக்குத் தெரியவில்லை, அதற்கு உண்மையில் எதுவுமே தெரிந்திருக்கவில்லை. ‘இன்னும் தெரியவில்லை. வீட்டாரைக் கேட்டுப் பாருங்கள்’ என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தது. சொல்லியிருந்த பழைய எண்களெல்லாம் அறுபத்து நாலு உட்பட அழிந்தன. சென்னியப்பன் மண்டபக்காரர்களின் கூட்டத்துக்குப் போய், இந்தத் தடவை வடையை ஓரமாக வைத்துவிட்டு எழுந்து நின்று, “எங்க ஏஐக்கு எத்தன பேரு வருவாங்கன்னு தெரியலைங்க. கத்துக்கிட்டப்பறம் சொல்லும்,” என்றார். சிரித்தார்கள். சில மண்டபங்கள் கோயமுத்தூர்க் கம்பெனிக்கு மாறிப் போயின. பெரும்பாலானவை போகவில்லை, காரணம் அந்த மார்கழியின் ஓய்வில் மகுடேஸ்வரியும் தௌஃபீக்கும் உட்கார்ந்து, கரண்டு போனாலும் பதிந்தது அழியாதபடி செய்திருந்தார்கள், ஒரே தேதியை இரண்டு பேருக்குக் கொடுக்கப் போனால் திரை சிவந்து காட்டும்படியும் செய்திருந்தார்கள். அதில் நட்சத்திரம் எதுவும் மின்னவில்லை. ஆறுச்சாமி போன் செய்து, கரண்டு போய் வந்த பிறகும் எல்லாம் வைத்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, நம்பமுடியாமல் இன்னொரு தடவையும் சொன்னார்.

தை பிறந்தது, கணிப்புக்காரர்கள் வரவில்லை. ஊருக்கு அது கொஞ்சம் வெறிச்சென்றுதான் இருந்தது. மாடியேறி வந்து, அந்த ஆட்களைக் கொஞ்சம் வரவழைக்க முடியுமா என்று கேட்ட குடும்பங்களும் உண்டு. அழைத்துப் பாருங்கள் என்று மகுடேஸ்வரி சொன்னாள். ஒரு குடும்பம் மெய்யாகவே பத்திரிகையில் மஞ்சள் தடவிக் கொண்டுபோய் வேப்பமரத்தில் கட்டிவிட்டு வந்தது. வந்தார்களா என்பது தெரியாது, அந்த வீட்டார் அதைப் பற்றிக் கேட்டால் சிரிக்க மட்டும் செய்தார்கள்.

மகுடேஸ்வரியின் கல்யாணத்துக்கு முந்தைய நாள் நாச்சிமுத்து வந்து, “எத்தன பேத்துக்கு உலை வைக்கட்டும் அம்மணி?” என்று கேட்டார்.

“தெரியாதுங்க,” என்றாள். அப்படிச் சொன்னபோது அவளுக்குச் சுகமாக இருந்தது.

கோதண்டம் பக்கத்தில் நின்றிருந்தார். “வர்றவங்க வரட்டும், வராதவங்க இருக்கட்டும். அவங்கவங்களாப் பண்ணட்டும்,” என்றார். பேக்கரிக்காரர்கள் அதிகம் பேசுவதில்லை, அவருடைய பேச்சில் அது நீளமானது.

பொத்தான் வைத்த கம்பெனிக்காரியின் கல்யாணமே எண் இல்லாமல் எப்படி நடக்கும் என்று பார்ப்பதற்காகவே பாதி ஊர் கிளம்பி வந்துவிட்டது. விடிகாலையிலேயே வாசல் நிறைந்தது. மணவறையில் உட்கார்ந்த மகுடேஸ்வரி, ஐயர் சொன்னதைச் சொல்லிக்கொண்டு, கண்ணை மட்டும் வாசலிலேயே வைத்திருந்தாள். அண்ணனைத் தவிர எல்லாரும் வந்தார்கள். அவளோடு பள்ளியில் படித்தவர்கள் வந்தார்கள், போனில் குரலாக மட்டுமே தெரிந்த மேனேஜர்கள் முகத்தோடு வந்தார்கள், ஆனைமலைத் தாய்மாமன்கூட, உள்ளே கால் வைக்கிறபோது ஒரு கணம் தயங்கிவிட்டு, வந்து உட்கார்ந்தார். நேரம் நெருங்கியது. தாரை வார்க்க யாருங்க என்று ஐயர் கேட்டார். முன்பே பேசிவைத்தபடி சென்னியப்பன் எழுந்து, சொம்பைக் கையில் எடுத்தார். மகுடேஸ்வரி கண்ணை வாசலிலிருந்து எடுத்துக்கொண்டாள், இனிப் பார்க்க வேண்டாம் என்று முடிவு செய்தாள்.

“குடுங்க,” என்று ஒரு குரல் கேட்டது.

சிவமலை நின்றுகொண்டிருந்தார். வேட்டியில் பஸ் சீட்டின் கசங்கல் இருந்தது, சவரம் சரியாகச் செய்திருக்கவில்லை. அண்ணி பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். சென்னியப்பன் சொம்பைக் கொடுத்தார். சிவமலை தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை, மாப்பிள்ளையின் முகத்தையும் பார்க்கவில்லை, கையை மட்டும் பார்த்துத் தண்ணீரை வார்த்தார். தண்ணீர் விரல் சந்துகளில் ஓடிக் கீழே இறங்குகிறவரைக்கும் மகுடேஸ்வரி அழாமல் இருந்தாள், அதற்கப்புறம் அழுதாள்.

பந்தியில் எல்லாம் பற்றாமல் போனது. எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாததால், நாச்சிமுத்து தாராளமாக வைத்த உலையும் போதவில்லை. லட்டு முதலில் தீர்ந்தது, அப்புறம் பாயசம், கடைசிப் பந்திக்குச் சோறே அரைகுறை. கோதண்டம் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் ஆளை அனுப்பி, பேக்கரியிலிருந்த தேங்காய் பன் அத்தனையையும் சூட்டோடு கூடைகளில் வரவழைத்தார். வாழையிலையில் ரசத்துக்குப் பக்கத்தில் தேங்காய் பன் வைத்துச் சாப்பிட்ட பந்தி அந்தத் தாலுகாவில் அதற்கு முன் நடந்ததில்லை. கணிப்பு இருந்திருந்தால் இந்த அவமானம் நேர்ந்திருக்காது என்று சிலர் சொன்னார்கள், சொல்லிவிட்டு இன்னொரு பன் வாங்கிக்கொண்டார்கள்.

சிவமலை அந்தக் கடைசிப் பந்தியில், கடைசி இலையில் உட்கார்ந்திருந்தார். மகுடேஸ்வரி மாலையோடு வந்து, அவர் எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கல்யாண வீட்டில் யாரும் யாரிடமும் கேட்கக் கூடாததை அவள் கேட்டாள்.

“ஏண்ணா வந்தீங்க?”

அவர் பன்னைப் பிய்த்து, ரசத்தில் தோய்த்து, சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் சொன்னார். “வர்றதா நெனப்பே இல்ல. தாராபுரம் வரைக்கும் போயிட்டுத் திரும்பிரலாம்னுதான் பஸ் ஏறினேன். அங்க எறங்கி, காங்கேயம் வண்டி நின்னுச்சு, அதுல ஏறிக்கூட உக்காந்துட்டேன். உங்க அண்ணி ஒண்ணும் சொல்லல. யாரும் ஒண்ணும் சொல்லல. நானாத்தான் எறங்கி, இந்தப் பக்கம் வர்ற வண்டியில ஏறினேன்.”

மகுடேஸ்வரி தலையாட்டினாள். அவர் சொன்னதை ஒவ்வொரு சொல்லாக மனதில் வைத்துக்கொண்டாள், இறங்கியதை, ஏறியதை, மறுபடி இறங்கியதை.

“கோவம் போயிருச்சுன்னு நெனச்சுக்காத,” என்றார்.

“போக வேண்டாம்ணா. அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

அவர் இலையைப் பார்த்தார், கூடையோடு போய்க்கொண்டிருந்த மாப்பிள்ளையைப் பார்த்தார், பிறகு அன்றைக்கு முதன்முறையாக அந்த மாப்பிள்ளையிடம் நேரடியாகப் பேசி, இன்னொரு பன் வைக்கச் சொன்னார்.